நேற்று போயிருந்தேன்: ஆங்கிலக் காலங்களும் தமிழின் வழுவமைதியும்

முட்டுக்காடு படகுத் துறையில் ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் வரிசையில் நிற்கிறவர் செல்பேசியில் ‘எங்கப்பா இருக்கே?’ என்று கேட்கிறார். ‘இதோ வந்துட்டேன்’ என்கிறது மறுமுனை. அந்த மறுமுனை இன்னும் உத்தண்டி சுங்கச்சாவடியைத் தாண்டியிருக்காது. இனிமேல் நடக்கப்போகும் வருகையை நடந்து முடிந்ததாகச் சொல்லும் வாக்கியம் அது. கணக்குப் பார்த்தால் காலம் பிறழ்ந்திருக்கிறது. ஆனாலும் இலக்கணப் பிழை என்று அவரை யாரும் திருத்துவதில்லை. திருத்தவும் முடியாது, ஏனென்றால் இலக்கணம் அவர் பக்கம் இருக்கிறது. தொல்காப்பியம் வினையியலிலேயே இதற்கு இடம் வைத்துவிட்டது. நன்னூல் இன்னும் தெளிவாக, விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய நான்கு காரணங்களால் முக்காலமும் தம்முள் மயங்கலாம் என்கிறது. படகுத் துறைக்கு வந்துகொண்டிருப்பவர் விரைவு கருதிப் பேசுகிறார்.

அதே மனிதர் மறுநாள் அலுவலகத்தில், ‘ஐ ஹேட் கான் டு முட்டுக்காடு யெஸ்டர்டே’ என்று சொன்னால் கதை வேறு. பக்கத்து இருக்கைக்காரர் ‘ஹேட் கான்’ தப்பு, ‘வென்ட்’ என்பார். மூன்றாமவர் ‘பாஸ்ட் பெர்ஃபெக்ட்’ எப்போது வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை ஒப்பிப்பார். நாலாமவர் நம் ஊரில் அப்படித்தான் பேசுகிறோம், இதில் என்ன குறைந்துவிட்டது என்பார். இந்தச் சண்டை நமக்குப் புதிதில்லை. தேநீர்க் கடையிலும் ஆசிரியர் அறையிலும் போட்டித் தேர்வுப் பயிற்சி மையங்களிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் தினமும் நடக்கிறது. பெரும்பாலும் சொன்னவர் கூனிக் குறுகுவதில் போய் முடிகிறது.

இந்தச் சண்டையில் இரண்டே பெட்டிகள் இருக்கின்றன: சரி, தப்பு. தமிழ் இலக்கண மரபில் மூன்று பெட்டிகள் உண்டு. வழு, வழாநிலை, வழுவமைதி. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வழு ஏழு வகைப்படும். அந்த ஏழிலும் எங்கே பிழையென விலக்க வேண்டும், எங்கே காரணம் கண்டு அமைத்துக்கொள்ள வேண்டும் என்று இலக்கண நூல்களும் உரையாசிரியர்களும் பிரித்துக் காட்டினார்கள். நம் ஆங்கிலத்தைப் பற்றி நாம் வாதிடும்போது இந்த மூன்றாவது பெட்டியை மறந்துவிடுகிறோம். அதை மீட்டெடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். வழுவமைதி என்பது ‘எப்படி வேண்டுமானாலும் பேசலாம்’ என்ற அனுமதி இல்லை. பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்று சொல்வதை இலக்கணம் ஏற்கிறது, ஏனென்றால் அங்கே உவப்பு என்ற காரணம் இருக்கிறது. காரணம் காட்ட முடியாத பிறழ்ச்சி வழுவாகவே நிற்கும். ஆகவே ஒரு வாக்கியம் வழுவமைதியா என்று கேட்டால், இரண்டைக் காட்ட வேண்டும்: அந்தப் பிறழ்ச்சி ஏதாவது ஒரு பொருளைச் சுமக்கிறதா? அந்தப் பொருள் கேட்கிறவர்களுக்குப் போய்ச் சேரும் அளவுக்கு வழக்கில் நிலைத்திருக்கிறதா? இந்த இரண்டு கேள்விகளோடு நம் ஊரில் அதிகம் திட்டு வாங்கும் மூன்று வாக்கியங்களைப் பார்ப்போம்.

முதலாவது, மேலே சொன்ன ‘ஐ ஹேட் கான் யெஸ்டர்டே.’ ஆங்கிலத்தில் ‘ஹேட் கான்’ வடிவத்துக்கு இரண்டு இறந்தகால நிகழ்ச்சிகள் வேண்டும். ஒன்று முந்தியது, மற்றொன்று பிந்தியது. ‘நான் போவதற்குள் படகு போய்விட்டிருந்தது’ என்பது மாதிரி. தனியாக நிற்கும் ஒரே நிகழ்ச்சிக்கு ‘வென்ட்’ போதும். தமிழில் அப்படி இல்லை. ‘நேற்று முட்டுக்காடு போனேன்’, ‘நேற்று முட்டுக்காடு போயிருந்தேன்’ ஆகிய இரண்டும் வெவ்வேறு வாக்கியங்கள். ‘போயிருந்தேன்’ என்றால் போய், அங்கே இருந்து, திரும்பியும் வந்துவிட்டேன், அந்த நிலை முடிந்துபோயிற்று என்று பொருள். ‘நேற்று ஏன் வேலைக்கு வரவில்லை?’ என்ற கேள்விக்கு ‘முட்டுக்காடு போயிருந்தேன்’ என்பதுதான் இயல்பான விடை. ‘இரு’ என்னும் துணைவினை செய்யும் நுணுக்கமான வேலை இது. தாமஸ் லேமன் 1989-இல் புதுச்சேரியிலிருந்து வெளியிட்ட தற்காலத் தமிழ் இலக்கண நூல் போன்ற விளக்க இலக்கணங்கள் இந்தத் துணைவினைகளுக்குப் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்குவது காரணத்தோடுதான். தமிழர் ‘ஹேட் கான்’ என்னும்போது அந்த நுணுக்கத்தைத்தான் ஆங்கிலத்துக்குள் கொண்டுபோக முயல்கிறார். இந்தியில் சிந்திப்பவரும் ‘கயா தா’ என்ற வடிவத்தால் இதே இடத்துக்கு வந்து சேர்கிறார். அதனால்தான் சென்னையிலிருந்து தில்லிவரை இந்த ‘ஹேட்’ தடங்கலின்றிப் புரிகிறது. பொருள் சுமக்கிறதா? சுமக்கிறது. கேட்பவரைச் சேர்கிறதா? இந்தியாவுக்குள் சேர்கிறது. லண்டனில் இருப்பவரோ, ‘போயிருந்தீர்கள், சரி, அப்புறம் என்ன நடந்தது?’ என்று காத்துக்கொண்டிருப்பார்.

இரண்டாவது வாக்கியத்தில் சுவை அதிகம். காலையில் கதவைத் திறக்கிறோம். வாசல் நனைந்திருக்கிறது, வேப்பிலைகள் தரையோடு ஒட்டிக் கிடக்கின்றன. ‘ராத்திரி மழை பெய்திருக்கு’ என்கிறோம். நாம் மழையைப் பார்க்கவில்லை. தடயத்தைப் பார்த்து ஊகிக்கிறோம். மழையை விழித்திருந்து பார்த்தவர் ‘ராத்திரி மழை பெய்தது’ என்பார். கண்டதற்கும் ஊகித்ததற்கும் உள்ள இந்த வேறுபாட்டைத் தமிழ் வினைமுற்றிலேயே காட்டிவிடுகிறது. இதை அப்படியே ‘இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்’ என்று சொன்னால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். ‘ஹேஸ் ரெயின்ட்’ வந்தால் ‘லாஸ்ட் நைட்’ வரக்கூடாது என்பது விதி.

ஏன் வரக்கூடாது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான ஆசிரியர்களால் ‘அப்படித்தான் விதி’ என்பதற்குமேல் சொல்ல முடியாது. அது அவர்களின் குறையில்லை. மொழியியலாளர்களுக்கே அது புதிர்தான். வொல்ஃப்காங் கிளைன் 1992-இல் ‘லாங்குவேஜ்’ ஆய்விதழில் எழுதிய கட்டுரைக்குத் தலைப்பே ‘தி ப்ரெசென்ட் பெர்ஃபெக்ட் பஸில்.’ ஜெர்மன் மொழியிலும் பிரெஞ்சிலும் இதே வடிவத்தோடு ‘நேற்று’ என்ற சொல் தாராளமாக வரும். ஆங்கிலத்தில் தடை. ஆக, இது தர்க்கத்தின் விதியில்லை, ஆங்கிலத்தின் மரபு. மரபை மீறுகிறவரை அறிவில்லாதவர் என்று சொல்ல இதில் இடமில்லை.

இன்னொன்றும் இங்கே கவனிக்க வேண்டியது. தமிழர் சொல்ல வந்த அந்த ஊகத்துக்கு ஆங்கிலத்திலேயே ஒரு வீடு இருக்கிறது: ‘இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்.’ ‘மஸ்ட்’ முன்னால் வந்துவிட்டால் ‘ஹேவ்’ பக்கத்தில் ‘லாஸ்ட் நைட்’ இருப்பதற்குத் தடையே இல்லை. ‘ஹேஸ் தப்பு, வெட்டு’ என்று சொல்லும் ஆசிரியர் மாணவரிடமிருந்து ஒரு பொருளைப் பறிக்கிறார். ‘நீ ஊகித்துச் சொல்கிறாயா? அப்படியானால் மஸ்ட் ஹேவ் போடு’ என்று சொல்லும் ஆசிரியர் அதே பொருளுக்கு வழி காட்டுகிறார். இரண்டுக்கும் வகுப்பில் ஒரே நேரம்தான் ஆகும். இரண்டாவதைச் செய்ய ஆசிரியருக்குத் தமிழ் வினைச்சொல் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

மூன்றாவது, எல்லோரும் கேலி செய்யும் ‘ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்.’ இதற்குத் தாய்மொழிப் பாதிப்பு என்று சுலபமாகக் காரணம் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தமிழில் ‘எனக்கு ரெண்டு அக்கா இருக்காங்க’ என்கிறோம். யாரும் ‘ரெண்டு அக்காவைக் கொண்டிருந்துகொண்டிருக்கிறேன்’ என்று சொல்வதில்லை. ‘தெரியும்’, ‘வேண்டும்’, ‘பிடிக்கும்’ ஆகியவற்றுக்கும் அப்படியே. நிலையைக் குறிக்கும் இந்த வினைகளுக்குத் தமிழில் தொடர்நிகழ்கால வடிவமே கிடையாது. பிறகு ‘ஹேவிங்’ எங்கிருந்து வந்தது? நைஜீரியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும்கூட நிலைவினைகளோடு ‘இங்’ சேர்ப்பது பரவலாகப் பதிவாகியிருக்கிறது. அவர்களுக்கும் நமக்கும் தாய்மொழி பொது இல்லை. பொதுவாக இருப்பது வகுப்பறை.

அந்த வகுப்பறைக்குள் போக வேண்டுமானால் கொஞ்சம் பின்னோக்கி நடக்க வேண்டும்.

ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜான் ஆண்டர்சன் 1837-இல் சென்னையில் தொடங்கிய பள்ளி, பின்னாளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அதன் கிளைப் பள்ளிகள் சில ஆண்டுகளுக்குள் காஞ்சிபுரத்திலும் செங்கல்பட்டிலும் ஏற்பட்டன. இந்தச் சீமைக்கு ஆங்கில இலக்கணம் வந்த வழிகளில் அது ஒன்று. 1844-இல் தலைமை ஆளுநர் ஹார்டிஞ்ச், ஆங்கிலம் படித்தவர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை என்று அறிவித்தார். அன்றிலிருந்து ஆங்கில வினைச்சொல்லின் காலம் சம்பளத்தோடு முடிச்சுப் போடப்பட்டது. நம் இலக்கணச் சண்டையில் இவ்வளவு சூடு இருப்பதற்கு முதல் காரணம் இதுதான் என்பேன். உருது தெரியாதவரை யாரும் கேலி செய்வதில்லை, ஏனென்றால் வேலைவாய்ப்பு உருதுவின் வாசலில் நிற்கவில்லை.

பாடநூல்கள் தொடர்ந்து வந்தன. வடமேற்கு மாகாணக் கல்வித்துறையில் உயர் பதவியில் இருந்த ஜே. சி. நெஸ்ஃபீல்டின் இலக்கணங்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியப் பள்ளிகளை ஆண்டன. அதன் பிறகு ரென் அண்ட் மார்ட்டின். ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலை 1924-இல் எழுதிப் புகழ்பெற்ற பி. சி. ரென்தான் இந்த இலக்கண நூலின் ஆசிரியர்களில் ஒருவர் என்பது பலருக்கும் தெரியாது. 1930களில் வெளிவந்த அந்த நூல், பின்னர் என். டி. வி. பிரசாத ராவ் திருத்திய பதிப்புகளாக இன்றும் கடைகளில் கிடைக்கிறது. இந்த நூல்களை இகழ்ந்து பேசுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. நான் அப்படிப் பேச மாட்டேன். சிற்றூர்களிலிருந்து வந்த எத்தனையோ முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு வேறு வாத்தியார் கிடைக்கவில்லை. அவர்கள் அந்தப் புத்தகத்தை மனப்பாடம் செய்து மேலே வந்தார்கள்.

இந்தத் துறையில் தமிழ்நாடு கொண்டாடிய பெயர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. 1869-இல் பிறந்தவர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர், ‘வெள்ளிநாக்குப் பேச்சாளர்’ என்று இங்கிலாந்தே பாராட்டியவர். நெஸ்ஃபீல்டின் இலக்கணத்திலேயே பிழை கண்டு காட்டினார் என்றும், காந்தியின் ‘ஹரிஜன்’ இதழின் ஆங்கிலத்தைத் திருத்தினார் என்றும் அவரைப் பற்றிச் சொல்வார்கள். ஆள்பவனின் மொழியை ஆள்பவனைவிடச் சுத்தமாகப் பேசிக் காட்டுவது அந்தத் தலைமுறைக்கு ஒரு தன்மானப் போராட்டம். அதன் மிச்சம் நம்மிடம் இருக்கிறது. ‘தி ஹிந்து’ நாளிதழில் 1980களில் கே. சுப்பிரமணியன் தொடங்கி, பிறகு எஸ். உபேந்திரன் தொடர்ந்த ‘நோ யுவர் இங்கிலிஷ்’ பகுதியைக் கத்தரித்து ஒட்டி வைத்த நோட்டுகள் பல வீட்டுப் பரண்களில் இன்றும் இருக்கின்றன. திருத்துவதை அங்கே அன்போடு செய்தார்கள். வாசகரின் ஐயத்தை மதித்து விடை சொன்னார்கள்.

இப்போது ‘ஹேவிங்’ பிறந்த வகுப்பறை. 1950களின் தொடக்கத்தில் சென்னை மாகாணம் ஆங்கிலப் பாடத்திட்டத்தை மாற்றியது. இலக்கண விதிகளைத் தமிழில் விளக்குவதை விட்டு, வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாகப் பழக்கும் ‘ஸ்ட்ரக்சுரல்’ முறை வந்தது. அதைத் தொடக்கப்பள்ளிவரை கொண்டுசெல்ல பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு 1959 அளவில் ஒரு பெரும் இயக்கம் நடந்தது. சிலருக்குப் பயிற்சி கொடுப்பது, அவர்கள் மாவட்டங்களில் பலருக்குக் கொடுப்பது, அந்தப் பலர் ஊர் ஊராகப் போய் ஆசிரியர்களுக்குக் கொடுப்பது என்று திட்டம். பயிற்சி பெற வேண்டிய ஆசிரியர்கள் 27,000 பேர். டி. ஏ. ஸ்மித் 1962-இல் எழுதிய கட்டுரை இதை ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்று அழைத்தது. உலக அளவில் ஆங்கில ஆசிரியப் பயிற்சியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்றும் இந்தப் பெயரைக் குறிப்பிடுகிறார்கள். நம் ஊரில் மறந்துவிட்டோம்.

அந்த முறையில் ஒரு பாடம் இப்படி நடக்கும். ஆசிரியர் மேசையிலிருந்து வாசலை நோக்கி நடந்தபடியே சொல்வார்: ‘ஐ ஆம் வாக்கிங் டு தி டோர்.’ கதவில் கை வைத்து: ‘ஐ ஆம் ஓபனிங் தி டோர்.’ பிறகு ஒரு பையனை எழுப்பி நடக்கவிட்டு, வகுப்பைப் பார்த்து, ‘வாட் இஸ் ஹி டூயிங்?’ அறுபது குரல்கள் ஒன்றாக ‘ஹி இஸ் வாக்கிங்’ என்று கூவும். கண்ணால் பார்ப்பதை வாயால் சொல்வதால் மொழிபெயர்ப்பே தேவைப்படாது. நல்ல முறைதான். ஆனால் அதற்குள் ஒரு பள்ளம் இருக்கிறது. நடப்பது, திறப்பது, எழுதுவது போன்ற வினைகளைத்தான் நடித்துக் காட்ட முடியும். ‘தெரியும்’, ‘வேண்டும்’, ‘உண்டு’ ஆகியவற்றை எப்படி நடிப்பது? அந்த வினைகள் பிந்தியே வந்தன. அதற்குள் ‘ஆம்’ என்றால் ‘இங்’ என்பது நாக்கில் தடம் பதிந்துவிட்டது. பிறகு வந்த ‘ஹேவ்’ அந்தத் தடத்தில் ஓடியது. ‘ஐ ஆம் ஹேவிங்’ தமிழிலிருந்து வந்ததைவிட இந்தப் பயிற்சியிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பது என் முடிவு. பிழை என்று நாம் மாணவர் தலையில் சுமத்துவதில் ஒரு பகுதி பாடத்திட்டம் விதைத்தது.

இந்த முறையின் மேல் அதிருப்தி சென்னையிலேயே எழுந்தது. பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் பணியாற்றிய என். எஸ். பிரபு, 1979-இலிருந்து 1984வரை ஒரு துணிச்சலான சோதனையை நடத்தினார். பெங்களூரின் வட்டார ஆங்கில நிறுவனத்தோடு சேர்ந்து செய்ததால் அது ‘பெங்களூர் புராஜெக்ட்’ என்று பெயர் பெற்றது. ஆனால் சோதனை வகுப்புகள் சென்னையிலும் கடலூரிலும்கூட நடந்தன. அங்கே இலக்கணம் கற்பிக்கப்படவில்லை. ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போனால் சீக்கிரம் போய்ச் சேரலாம் என்று கண்டுபிடி, வரைபடத்தைப் பார்த்து வழி சொல் என்பது மாதிரி வேலைகள் தரப்பட்டன. மனம் பொருளில் மூழ்கியிருக்கும்போது இலக்கணம் தானாக உள்ளே வளரும் என்பது பிரபுவின் நம்பிக்கை. பெரெட்டா, டேவிஸ் என்ற இருவர் வெளியிலிருந்து வந்து மதிப்பிட்டு 1985-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தனித்தனி வாக்கிய அமைப்புகளைச் சோதிக்கும் தேர்வில் வழக்கமான வகுப்பு முந்தியது. பொருளோடு சேர்ந்த இலக்கணத் தேர்வு, கேட்டு எழுதுதல் போன்றவற்றில் பிரபுவின் வகுப்புகள் பெரும்பாலும் முந்தின. 1987-இல் அவர் எழுதிய நூல் உலகெங்கும் ஆசிரியப் பயிற்சியில் படிக்கப்படுகிறது. ஆனால் நம் போட்டித் தேர்வுகளின் ‘ஸ்பாட் தி எரர்’ வினாக்கள் இன்றும் தனி வாக்கியங்களாகவே நிற்கின்றன. முன்பின் தெரியாத ஒற்றை வாக்கியத்தில் காலம் தப்பு என்று எப்படிச் சொல்வது? ‘ராத்திரி மழை பெய்திருக்கு’ என்பது சரியா என்று, வாசல் நனைந்திருப்பதைக் காட்டாமல் கேட்கிற வேலை அது.

சண்டைக்காரர்கள் கையில் பிடித்திருக்கும் விதிகளின் வயதையும் பார்க்க வேண்டும். ‘ஐ ஷால், யூ வில்’ என்ற விதியைப் பள்ளியில் உருப்போடாத மூத்த தலைமுறை இல்லை. அதை முதலில் வகுத்தவர் ஜான் வாலிஸ் என்ற கணித மேதை, 1653-இல், லத்தீன் மொழியில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில். ஆங்கிலேயர்களே அதை முழுமையாகப் பின்பற்றியதில்லை. வினைச்சொல்லுக்குப் பன்னிரண்டு காலங்கள் என்று நம் வழிகாட்டி நூல்கள் கட்டம் போட்டுக் காட்டுகின்றன. ஓட்டோ எஸ்பர்சன் முதல் 2002-இல் வந்த கேம்பிரிட்ஜ் இலக்கணத்தை எழுதிய ஹடில்ஸ்டன், புல்லம்வரை பல அறிஞர்கள், ஆங்கிலத்தில் எதிர்காலம் என்று தனி வினை வடிவமே இல்லை, ‘வில்’ என்பது ‘மே’, ‘மஸ்ட்’ போன்ற துணைவினை மட்டுமே என்கிறார்கள். வினையின் உருவத்தில் தெரியும் வேறுபாடு ‘வாக்’, ‘வாக்ட்’ என்ற இரண்டுதான்.

தமிழுக்கும் இதே வரலாறு உண்டு. தொல்காப்பியம் காலம் மூன்று என்கிறது. ஆனால் சங்கப் பாடல்களின் வினைகளைப் பிரித்துப் பார்த்தால் உருவத்தில் தெரிவது இறந்தகாலம், இறப்பல்லாத காலம் என்ற இரண்டின் எதிர்நிலைதான் என்று மொழியியலாளர் பலர் காட்டியிருக்கிறார்கள். நிகழ்காலத்துக்கு ‘செய்யும்’ என்ற வாய்பாடு உதவியது. இன்று நாம் பேசும் ‘செய்கிறேன்’ வடிவத்தின் மூதாதையான ‘கின்று’ பக்தி இலக்கியக் காலத்தில்தான் பரவலாகிறது. பிறகு வந்த நன்னூல் ஆநின்று, கின்று, கிறு என்று நிகழ்கால இடைநிலைகளை முறையாகப் பதிவு செய்தது. மொழி மாறியது, இலக்கணம் பின்னால் வந்து ஏற்றுக்கொண்டது. பழையன கழிவதையும் புதியன புகுவதையும் வழு என்று ஒதுக்காத மரபு இது.

ஆங்கிலத்திலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் ‘வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது’ என்பதற்கு ‘தி ஹவுஸ் இஸ் பில்டிங்’ என்றுதான் எழுதுவார்கள். ‘தி ஹவுஸ் இஸ் பீயிங் பில்ட்’ என்ற வடிவம் தலைகாட்டியபோது பண்டிதர்கள் கொதித்தார்கள். அமெரிக்கரான ரிச்சர்ட் கிராண்ட் வைட் 1870-இல் வெளியிட்ட நூலில் அதைக் கண்டிக்க ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். இன்று பழைய வடிவத்தை எழுதினால்தான் தேர்வில் மதிப்பெண் போகும். 2003-இல் மெக்டொனால்ட்ஸ் ‘அயம் லவிங் இட்’ என்று விளம்பரம் செய்தபோது, ‘லவ்’ நிலைவினை, ‘இங்’ சேராது என்ற பாடநூல் விதியின் மீறல் உலகத் தெருக்களில் தொங்கியது. அதை யாரும் தாய்மொழிப் பாதிப்பு என்று சொல்லவில்லை. பேசுகிறவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் பிழைக்குப் பெயர் வைக்கிறோம்.

இந்த நியாயத்தை அறிவுலகில் உரக்கப் பேசியவர் காஷ்மீரத்தில் பிறந்த பிரஜ் கச்ரு. இந்திய ஆங்கிலம், நைஜீரிய ஆங்கிலம் என்பவை அரைகுறைக் கற்றல் இல்லை, தனித்தனி வகைகள் என்றார். ஆங்கில இலக்கணப் பேரறிஞர் ராண்டால்ஃப் குவர்க் எதிர்த்தார். ஏழை நாட்டு மாணவருக்கு வேண்டியது உலகம் மதிக்கும் பொது ஆங்கிலம், அதை மறுப்பது அவருக்குச் செய்யும் தீங்கு என்பது அவர் கவலை. 1990, 1991 ஆண்டுகளில் ‘இங்கிலிஷ் டுடே’ இதழில் இருவரும் மோதியது இத்துறையில் புகழ்பெற்ற விவாதம். நான் கச்ருவின் பக்கம்தான். ஆனாலும் குவர்க்கின் கவலையைத் தள்ளிவிட முடியாது. இங்கிலாந்தில் பணியாற்ற விரும்பும் செவிலியர் ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி தேர்வில் மதிப்பெண் காட்டியாக வேண்டும். ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வை மதிப்பிடும் நான்கு அளவுகோல்களில் இலக்கணம் ஒன்று. அங்கே போய் ‘ஹேட் கான் எங்கள் ஊர் வழுவமைதி’ என்று வாதாட முடியாது. மருத்துவமனைக் குறிப்பில் மருந்து ‘கொடுக்கப்பட்டது’, ‘கொடுக்கப்பட வேண்டும்’ ஆகிய இரண்டுக்கும் இடையில் ஓர் உயிர் இருக்கிறது. அங்கே காலம் பிறழ்ந்தால் அது வழுதான்.

ஆகவே எங்கே பேசுகிறோம் என்பது முக்கியம். மாமல்லபுரக் கடற்கரையே அதற்குச் சான்று. அங்கே கல் கொத்துகிறவரும் கடை வைத்திருப்பவரும் வழிகாட்டிகளும் ஆங்கிலத்தை வெளிநாட்டுப் பயணிகளின் வாயிலிருந்தே கற்றார்கள். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவரைப் பற்றி ‘கிங் கம்ஸ், ஆர்டர் கிவ்ஸ், பீப்பிள் கட் தி ராக்’ என்று நிகழ்காலத்திலேயே சொல்லி முடிப்பார்கள். கேட்பவர் பல்லவ மன்னன் இப்போது வருகிறான் என்று எண்ணிக் குழம்புவதில்லை. காலத்தைச் சொல்லும் பொறுப்பை வினைச்சொல்லிடமிருந்து வாங்கி, பேச்சின் சூழலிடம் கொடுத்துவிடுகிறார்கள்.

வினையில் காலமே காட்டாத மொழிகள் உலகில் நிறைய உண்டு. சீன மொழி அப்படி. காது கேளாதவர்களின் சைகை மொழியைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: ‘நேற்று’ என்றோ ‘நாளை’ என்றோ ஒரு சைகையை வைத்துவிட்டால் போதும், பின்னால் வரும் வினைச் சைகைகள் உருமாறத் தேவையில்லை. அதனால் அவர்களுடைய சிந்தனையில் நேற்றும் நாளையும் குழம்பிப்போவதில்லை. வினைமுற்றின் வடிவத்தைக் கொண்டு ஒருவரின் அறிவை அளப்பவர்கள் இந்த ஒரு செய்தியைத் தெரிந்துகொண்டாலே பாதிக் கேலி நின்றுவிடும்.

வகுப்பறையில் இதை எப்படிச் செய்வது? பத்தாம் வகுப்பு மாணவரை வாட்டும் ‘டைரக்ட், இண்டைரக்ட்’ பயிற்சியை எடுத்துக்கொள்வோம். தமிழில் ‘அவன் நாளைக்கு வருவேன் என்று சொன்னான்’ என்கிறோம். ‘என்று’ என்ற ஒரு சொல் அவன் பேச்சை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிடுகிறது. காலம் மாறாது, ‘வருவேன்’ என்ற தன்மை வடிவம்கூட மாறாது. ஆங்கிலத்தில் ‘வில்’ ‘வுட்’ ஆகிறது, ‘ஐ’ ‘ஹி’ ஆகிறது, ‘டுமாரோ’ ‘தி நெக்ஸ்ட் டே’ ஆகிறது. தமிழ் மாணவருக்கு இது ஒரே நேரத்தில் மூன்று மாற்றம். அட்டவணையை உருப்போடச் சொல்லாமல், தமிழில் பேசியவனின் வாயோடு நிற்கிறோம், ஆங்கிலத்தில் சொல்பவனின் இடத்துக்கு வந்து நிற்கிறோம் என்று ஒருமுறை காட்டினால், மூன்று மாற்றங்களும் ஒரே காரணத்தால் வருவது புரிந்துவிடும். விடைத்தாள் திருத்தும்போதும் இதே பிரிப்பு உதவும். ‘டிட் நாட் வென்ட்’ என்பதில் காரணம் எதுவும் இல்லை, அது வழு, திருத்த வேண்டும். ‘ஹேட் கான் யெஸ்டர்டே’ என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஓரத்தில் ‘நம் ஊரில் புரியும், வெளியூருக்கு வென்ட்’ என்று எழுதலாம். இரண்டுக்கும் ஒரே சிவப்புச் சுழி போடுவதால் மாணவருக்கு எதுவும் விளங்குவதில்லை.

இப்படிக் கற்பிக்க ஆங்கில ஆசிரியருக்குத் தமிழ் இலக்கணம் வேண்டும். இன்றைய ஆசிரியப் பயிற்சியில் இரண்டும் வெவ்வேறு அறைகளில் இருக்கின்றன. அடுத்தமுறை ஆங்கிலப் பாடநூலைத் திருத்தக் குழு அமைக்கும்போது அதில் ஒரு தமிழாசிரியரையும் உட்கார வைக்கட்டும். நன்னூலின் பொதுவியலைப் பாடம் நடத்தியவராக அவர் இருந்தால், வினைச்சொல் பாடத்துக்கு எந்த எடுத்துக்காட்டில் தொடங்குவது என்று அவரே சொல்வார்.